மங்கல் படத்துக்காக ஒரு வாதம்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பெரிய கேமரா வைத்திருக்கும் ஒருவரிடம் வேட்டைப் பறவைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு ஊரை விட்டுக் கிளம்பியிருக்கும். வால்பாறைக்குப் போகும், முதுமலைக்குப் போகும். கொஞ்சம் வசதி உள்ளவராக இருந்தால் பரத்பூருக்கும் கட்ச் பாலைக்கும் போகும். நம் ஊரில் எதுவும் இல்லையா என்று இடைமறித்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இங்க இன்னா சார் இருக்கு, வெறும் பருந்துதான்."

இந்த அலட்சியத்துக்குப் பின்னால் ஒரு தர்க்கம் உண்டு. வேட்டைப் பறவைகளை இனம் பிரிப்பது நிபுணர்களுக்கே தடுமாற்றம். ஆகவே இறகு இறகாகத் தெரியும் படம் கையில் இல்லாமல் பெயர் சொல்லக் கூடாது. அப்படிப் படம் எடுக்க 600 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். நல்லதாக ஒன்று வாங்கப் பத்து லட்சம் போதாது. அவ்வளவு பணம் போட்டவர் அதற்குத் தகுந்த பறவையைத் தேடித்தான் போவார். கரன்ட் கம்பியில் உட்கார்ந்திருப்பதை எடுத்து லென்ஸை அவமானப்படுத்த மாட்டார். லென்ஸ் இல்லாதவர் மொட்டை மாடியில் அண்ணாந்து பார்த்து, "ஏதோ பருந்து" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு படியும் நியாயம் போலத் தெரிகிறது. மேலே ஏறி நின்று பார்த்தால் முழுக் கட்டடமும் கோணல். அந்தக் கோணலால் மிகவும் இழப்பது விழுப்புரம் போன்ற மாவட்டங்கள் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இனம் பிரிப்பது கடினம் என்பதிலிருந்து தொடங்கலாம். கும்பாபிஷேகத்துக்குப் போகாதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் நெருங்க நெருங்க, கூட்டம் கோபுரத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். மேலே கரும்பருந்துகள் நாலைந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் கையும் எழாது. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாக ஒன்று வந்து சேர்ந்ததும் "கருடன், கருடன்" என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பறவை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை. பைனாகுலர் யாரிடமும் கிடையாது. அப்படியும் செம்பருந்தையும் கரும்பருந்தையும் பிரித்துவிட்டார்கள். (அவசரத்தில் கரும்பருந்தையே கருடனாக்கிக் கும்பிட்ட ஊர்களும் உண்டு. பக்திக்குக் கொஞ்சம் சலுகை தரலாம்.) இரண்டு இனங்களை வெறுங்கண்ணால் பிரிக்கத் தெரிந்த மக்களுக்குப் பத்து இனங்களைப் பிரிக்க வராது என்று யார் முடிவு செய்தது?

சமவெளியில் ஆண்டு முழுவதுமோ பருவத்திலோ பார்க்கக் கிடைக்கும் வேட்டைப் பறவைகள் அந்தப் பத்துப் பன்னிரண்டுக்குள்தான் பெரும்பாலும் அடங்கிவிடும். அவற்றைப் பிரிக்கும் அடையாளங்களில் முக்கால்வாசி இறகின் நுணுக்கத்தில் இல்லை. உருவத்திலும் நடத்தையிலும் இருக்கின்றன. கரும்பருந்தின் வால் நுனி உள்வாங்கிப் பிளந்திருக்கும். காற்றில் திரும்பும்போது அதைச் சுக்கான் போலத் திருகிக்கொண்டே போகும். செம்பருந்தின் வால் நுனி வட்டம். செம்பருந்தின் இளம் பறவை உடம்பு முழுக்கப் பழுப்பாக இருப்பதால் நிறத்தை நம்பியவர் ஏமாறுவார். வாலைப் பார்த்தவர் ஏமாற மாட்டார்.

நெல் வயலுக்கும் கடலைக் கொல்லைக்கும் மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று, காலைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும் வெள்ளைப் பறவை கருந்தோள் பருந்து. கம்பியில் உட்கார்ந்ததும் வாலை ஏற்றி ஏற்றி இறக்கும். அதுபோலவே அந்தரத்தில் நிற்கும் இன்னொன்று, குளிர்காலத்தில் வந்து போகும் சிறிய வல்லூறு. செங்கல் நிற முதுகு, நீண்ட வால், கூர்ந்து முடியும் சிறகு. அந்தரத்தில் நிற்கும் மூன்றாவது, பாம்புண்ணிக் கழுகு. அது மற்ற இரண்டையும் விடப் பல மடங்கு பருமன். வெளிறிய அடிவயிறு, பெரிய உருண்டைத் தலை, கனத்த சிறகடிப்பு. ஏரிக் கோரைக்கு மேல் ஆள் உயரத்தில், சிறகை லேசாக மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி, இப்படியும் அப்படியும் சாய்ந்து போவது பூனைப் பருந்து. தோப்புக்குள் நாலைந்து வேகமான சிறகடிப்பு, பிறகு ஒரு வழுக்கல், மறுபடி சிறகடிப்பு என்று குறுக்கே பாய்வது வைரி. இதில் எதற்கு 600 மில்லிமீட்டர் தேவைப்பட்டது?

நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதல்ல இது. 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் அமெரிக்காவில் வெளியிட்ட பறவைக் கையேடு, பறவையைச் சுட்டுக் கையில் வைத்துப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும் என்ற பழைய நம்பிக்கையை உடைத்த புத்தகம். தூரத்திலிருந்து தெரியும் ஓரிரு குறிகளை எளிய கோட்டோவியத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டினார். அதுவே போதுமாக இருந்தது. பின்னாளில் வேட்டைப் பறவைகளுக்கென்றே தனி நூல்கள் வந்தன. பீட் டன், டேவிட் சிப்லி, கிளே சட்டன் மூவரும் 1988இல் எழுதிய நூலின் அடிப்படையே, தொலைவில் புள்ளியாகத் தெரியும் பறவையை அது பறக்கும் விதத்தை வைத்து எப்படிச் சொல்வது என்பதுதான். துப்பாக்கியைக் கீழே வைத்துத் தொண்ணூறு ஆண்டுகள் ஆன பிறகு, அதே பழைய நம்பிக்கையை லென்ஸின் வடிவத்தில் நாம் திரும்ப வாங்கிவந்திருக்கிறோம்: பறவை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால்தான் அதற்குப் பெயர்.

பீட்டர்சனின் புத்தகம் வந்த அதே 1934இல்தான் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் சரணாலயத்தை ரோசலி எட்ஜ் தொடங்கினார். அதற்கு முன் அந்த மலை முகட்டில், வலசை போகும் பருந்துகளை ஆயிரக்கணக்கில் பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட் பௌ என்பவர் 1932இல் அங்கே போய், செத்த பறவைகளை வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்தார். கலை நயம் என்று சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றைப் பார்த்துத்தான் எட்ஜ் அந்த மலையை விலைக்கு வாங்கினார். அதன் பிறகு அங்கே உட்கார்ந்தவர்கள் வருடா வருடம் செய்தது, வானத்துப் புள்ளிகளுக்குப் பெயர் சொல்லி எண்ணிக்கை எழுதியது. 1962இல் ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' எழுதியபோது, இளம் வெண்தலைக் கழுகுகள் குறைந்துபோனதைக் காட்ட அந்த எண்ணிக்கைகளைத்தான் எடுத்துக்கொண்டார். டிடிடி பூச்சிக்கொல்லிக்கு எதிரான சாட்சிகளில் ஒன்று, பைனாகுலரில் தெரிந்த அந்தப் புள்ளிகள்.

இனி, கூர்மையான படம் பொய் சொல்லாது என்பதைப் பார்ப்போம். சொல்லும், நன்றாகவே சொல்லும்.

தேன் பருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கருகிய பழுப்பில் இருக்கும், ஒன்று வெளிறிய மார்போடு இருக்கும், இன்னொன்றுக்குக் குறுக்குக் கோடு, மற்றொன்றுக்கு நெடுக்குக் கோடு. ஒரே இனத்துக்குள் இத்தனை வேடம். வேறு கழுகுகளின் சாயலை அது போட்டுக்கொள்வதாகவும் ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. இறகு இறகாகத் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தில் நிறம் தேடுகிறவர் ஒவ்வொரு முறையும் வேறொரு கழுகில் போய் நிற்பார். அதே பறவையை வானத்தில் கறுப்பு நிழலாகப் பார்த்தவருக்குச் சிக்கலே இல்லை: நீண்ட கழுத்து, புறாவுக்குரிய சிறிய தலை, அகன்ற சிறகு, நீண்ட வால். இந்தப் பறவையைப் பொறுத்தவரை நிறம் தெரியாமல் இருப்பதே ஒரு வசதி.

அக்காக்குயில் இன்னொரு எடுத்துக்காட்டு. வைரியின் முதுகுச் சாம்பல், வைரியின் வால் பட்டை, பறக்கும் தோரணையும் வைரிதான். தவிட்டுக்குருவிகளே அதைப் பார்த்துக் கலவரப்படுகின்றன. பின்பக்கமிருந்து எடுத்த படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஆளை ஏமாற்றிவிடும். மெலிந்த நேர் அலகும், கொடுநகம் இல்லாத காலும் முன்பக்கம் வந்தால்தான் தெரியும். அது கூவிவிட்டாலோ கேமராவே வேண்டாம். கூவலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது வேறு விஷயம்: கரிச்சான் வைரியின் குரலை அப்படியே எடுத்து விடும், மைனாக்கள் பதறி ஓடினால் அவை விட்டுப்போன இரையைப் பறித்துக்கொள்ளும். கண்ணும் காதும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போக வேண்டிய வேலை இது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியை மட்டும் வெட்டி எடுத்துவந்து, அதையே முழுச் சாட்சியாக வைப்பது அந்த வேலையைப் பாதியில் நிறுத்துவது.

இன்னொன்று, படத்தில் அளவு தெரியாது. சட்டத்தை நிறைத்து நிற்கும் பறவை புறாவின் அளவா, கோழியின் அளவா என்று படம் சொல்லாது. நேரில் பார்த்தவருக்கு அது முதல் விநாடியிலேயே தெரிந்த செய்தி. வெயிலில் நிறம் மாறும், நிழலில் கண் நிறம் மாறும். சிறகை மடித்த கணத்தில் பிடிபட்ட பருந்து வல்லூறாகத் தோன்றும். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளும் இதே குழியில்தான் விழுகின்றன. மெர்லின் போன்ற செயலி ஊரையும் மாதத்தையும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இடத்தில் இந்த மாதத்தில் எது இருக்கக்கூடும் என்பது, படத்தில் இருப்பதற்குச் சமமான தகவல். நம்மூர் ஆட்களோ அந்த இரண்டையும்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள். கண்ணைப் பறிக்கும் படம் ஒன்று வரும். கீழே தேதி இருக்காது, ஊர் இருக்காது, லென்ஸின் பெயர் மட்டும் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நேர்மையாகாது. தப்பான பதிவு, பதிவே இல்லாததை விடக் கெடுதல் என்கிறார்கள். மாடியிலிருந்து பார்த்த ஒருவர் இளம் வைரியைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ அரிய பறவை என்று எழுதிவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் அதை நம்பிவிடுவார் அல்லவா?

உண்மைதான். ஆனால் இந்தத் தப்பு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். அரிய பறவையைப் பார்த்தவருக்குத்தான் மதிப்பு என்று ஒரு சந்தை இருப்பதால் பிறக்கிறது. வைரிக்கு நூறு விருப்பம், வைரியின் காட்டு உறவினனுக்கு ஆயிரம் விருப்பம் என்றால் மனிதன் எதைப் பார்ப்பான்? வெறும் பருந்தை இழிவாகப் பேசுகிறவர்களே தப்பான பதிவுகளுக்கு முதல் காரணம். மருந்தும் எளிமையானது: தெரிந்த அளவுக்கு எழுதுவது. "பூனைப் பருந்து, எந்த வகை என்று தெரியவில்லை" என்பது முழுமையான, மரியாதையான பதிவு. பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் தளத்தில் இனம் தெரியாதவற்றுக்கென்றே தனி வரிசைகள் உண்டு. வகை தெரியாவிட்டாலும் மாதம் தெரியும், ஏரி தெரியும், எத்தனை என்று தெரியும். மங்கலான நாலு படம் கூட இருந்தால், பத்து வருடம் கழித்து நம்மை விடத் தெரிந்த ஒருவர் வந்து பெயர் வைத்துக்கொள்வார். பெயர் சொல்லும் பொறுப்பை அன்றைக்கே, அந்த இடத்திலேயே முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெயர்களே நிலையாக நிற்பதில்லை. வைரியின் அறிவியல் பெயரில் முதல் பாதியை 2024இல் மாற்றியே விட்டார்கள். நாம் எடுத்த குறிப்பு அதனால் செல்லாமல் போய்விடவில்லை.

இந்த மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். காடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள இங்கே அதிகம் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போனால் வெயிலில் வெந்த பாறைக் குன்றுகள். காலை ஒன்பது பத்து மணிக்குப் பாறை சூடேறியதும் மேலெழும் காற்றில் பருந்துகள் சிறகடிக்காமலே ஏறும். வீடூர் அணை, கிடங்கல் ஏரி, ஊர் ஊருக்கு ஒரு தாங்கலும் ஏரியும். டிஎம்வி என்ற மூன்று எழுத்தோடு நிலக்கடலை ரகங்களை நாட்டுக்குக் கொடுத்த எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் திண்டிவனம். அதைச் சுற்றி மணிலாக் கொல்லைகள், கரும்பு, நெல், வரப்பெல்லாம் பனை. கிழக்கே மரக்காணத்தை ஒட்டிக் கழுவேலி. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் முக்கியச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் சேற்றுப் பூனைப் பருந்தும், மீனைத் தேடி விராலடிப்பானும் வருகிற இடம்.

காட்டுக்காரர்கள் இகழும் இந்தத் திறந்தவெளிதான் கருந்தோள் பருந்துக்கும் பூனைப் பருந்துக்கும் பாம்புண்ணிக் கழுகுக்கும் வீடு. வால்பாறை மழைக்காட்டுக்குள் இவற்றைத் தேடுவது வீண். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 இனங்களை மதிப்பிட்டது. அதில் தெளிவாகச் சொல்லப்பட்ட கவலைகளில் ஒன்று திறந்தவெளிப் பறவைகளின் சரிவு. அங்கே இரை தேடும் வேட்டைப் பறவைகளும் அதில் அடக்கம். அந்த அறிக்கைக்கு அடித்தளம் ஏறத்தாழ 30,000 பேர் எழுதிக்கொடுத்த மூன்று கோடிப் பதிவுகள். பெரும்பாலும் சாதாரண ஆட்கள், சாதாரண இடங்கள். திறந்தவெளி எங்கே சுருங்குகிறது என்று பார்க்க நமக்கு அறிக்கையும் தேவையில்லை. வானூர்ப் பக்கம் குன்றுகளைக் கல் குவாரிகள் தின்கின்றன. சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்கள் போயின. மனை போட்ட கொல்லைகளில் கலர் கொடி பறக்கிறது. அதற்கு முன் அங்கே எத்தனை கருந்தோள் பருந்துகள் எலி பிடித்துக்கொண்டிருந்தன என்று யாராவது கேட்டால், லென்ஸ் வைத்திருந்தவர்கள் முதுமலையில் எடுத்த படங்களைத்தான் காட்ட முடியும்.

சாதாரணம் என்று விட்டுவிட்டதை இழந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. திண்டிவனத்துக்கு வடக்கே, செங்கல்பட்டு மாவட்டத் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் மலைக்கு வந்து குருக்கள் கையால் உணவு வாங்கிய இரண்டு கழுகுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். மஞ்சள்முகப் பாறு என்று இன்று பறவை ஆர்வலர்கள் அழைக்கும் இனம். அவற்றைப் படம் எடுத்தவர்களுக்குக் கணக்கில்லை. தபாலட்டையாகவே போட்டு விற்றார்கள். 1990களோடு அவை வருவது நின்றது. பிணந்தின்னிக் கழுகுகள் நாடெங்கும் சரிகின்றன என்பதை நமக்குச் சொன்னவை அந்த அழகான தபாலட்டைகள் அல்ல. பரத்பூரில் ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களின் நடுவில் அவற்றை எண்ணி வைத்திருந்தார்; 1990களின் பிற்பகுதியில் அதே இடத்தில் மறுபடி எண்ணியபோதுதான் பள்ளம் தெரிந்தது. அவர் முதலில் எண்ணிய காலத்தில் அவை அங்கே மிகச் சாதாரணமான பறவைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெண்முதுகுக் கழுகு 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்துபோனதாகப் பிறகு கணக்கிட்டார்கள். மாட்டுக்குப் போடும் டைக்லோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று 2004இல் உறுதியாகி, 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. சாதாரணப் பறவையை எண்ணி வைத்த ஒருவர் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதை இன்னும் எத்தனை வருடம் தாமதமாகியிருக்கும்?

பண வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. 2015இல் நிக்கான் பி900 வந்தபோதே 83 மடங்கு ஜூம் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்துவிட்டது. படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். வாலின் பட்டையை எண்ணிவிடலாம், போதும். வானத்தைப் பார்த்து எடுக்கும்போது பறவை கரிக்கட்டையாக விழும் என்பதால் எக்ஸ்போஷரை ஒன்றோ ஒன்றரையோ ஏற்றிவைத்துக்கொள்ள வேண்டும். அழகான ஒன்றுக்காகக் காத்திருக்காமல், திரும்பும்போது, விரிக்கும்போது, போய்க்கொண்டிருக்கும்போது என்று பத்து எடுக்க வேண்டும். பின்பக்கம் காட்டிப் போகும் பறவையைப் படப்பிடிப்பாளர்கள் அழித்துவிடுவார்கள். மேற்சிறகும் வால் மேல்புறமும் தெரிவது அதில்தான்.

தமிழ்நாட்டுக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடி மா. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைப் பொருத்தி அவரே ஒன்றை உருவாக்கிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். 1950இலிருந்து 1996இல் மறையும் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவர் எழுதிய பத்தியில் யானைக்குக் கிடைத்த மரியாதை காக்கைக்கும் அணிலுக்கும் கிடைத்தது. அவர் பெயரைச் சொல்லி விழா எடுப்பவர்கள் அவருடைய இந்தப் பாதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

கூர்மை வெறிக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. பருந்து மனிதனை நெருங்க விடாத பறவை. அது தானாக நெருங்கி நிற்கும் ஒரே இடம் அதன் கூடு. கோடையின் தொடக்கத்தில் வேப்பமரத்திலோ மாமரத்திலோ வைரி சுள்ளி அடுக்கும்போது, தகவல் கைபேசிக்குக் கைபேசி பாயும். மறைக்கும் கிளையை வெட்டுவார்கள், ஏணி வைப்பார்கள். தாய் எழுந்து போன நேரத்தில் முட்டை வெயிலில் வேகும், அல்லது காக்கை வந்து முடித்துவிடும். வேறு சில இடங்களில் உயிருள்ள இரையைக் கட்டிப்போட்டுப் பருந்தை இறக்குகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வைரி அதன் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. படம் எடுக்கத்தான் போனேன் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. பல படப் போட்டிகள் இன்று கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. அந்த அளவுக்கு விழிப்பு வந்திருக்கிறது. ஆனால் கூர்மைக்கு மட்டும் பரிசு கொடுத்துக்கொண்டே கூட்டுக்குப் போகாதே என்றால், யாரும் கேட்கப் போவதில்லை. தேதி, ஊர், பறவை செய்துகொண்டிருந்த காரியம் மூன்றும் இல்லாத படத்தைப் போட்டிக்கே எடுப்பதில்லை என்று ஒரு வருடம் அறிவித்துப் பார்க்கட்டும்.

படமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிடக் கூடாது. நல்ல படம் இல்லாமல் நகர முடியாத இடங்களும் உண்டு. வெளிறிய பூனைப் பருந்தின் பெண்ணையும் மான்டேகு பூனைப் பருந்தின் பெண்ணையும் தூரத்திலிருந்து பிரிப்பதாகச் சொல்பவரை நானும் நம்ப மாட்டேன். இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் வாலடியில் வெள்ளை. முகத்தைச் சுற்றிய வெளிறிய கழுத்துப்பட்டையும் சிறகடிப் பட்டைகளும் தெரிய வேண்டும், அதற்குப் படம் வேண்டும். ஆண்களில் அந்தச் சிக்கல் குறைவு: மான்டேகுவுக்கு மேற்சிறகில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, வெளிறியதற்குச் சிறகு நுனியில் ஒடுங்கிய கறுப்பு ஆப்பு மட்டும். ஆக, பத்து லட்சம் லென்ஸ் வைத்திருப்பவருக்கு ஊரிலேயே வேலை காத்திருக்கிறது. 2015இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பூனைப் பருந்துகள் இங்கே தங்கியிருக்கும் மாதம் அது. கடலைக் கொல்லைகளும் தரிசும் கலந்த இடமாகப் பார்த்து, மாலை நாலு மணி வாக்கில், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டால் அவை தாழப் பறந்து வரும். அந்தப் பெண் பறவைகளின் கழுத்துப்பட்டையை அவர் எடுத்துக் கொடுத்தால், மாடியிலிருந்து "வகை தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.